கோப்பின் தலையில் பிள்ளையார் சுழி

ஓபன் சோர்ஸ் என்றால் என்னவென்று எங்கள் கல்லூரிச் செயலாளருக்கு மூன்று வருடம் விளக்கியிருக்கிறேன். சுவரிடம் சொல்லியிருந்தால் நேரமாவது மிச்சமாகியிருக்கும், அது நடுவில் குறுக்கே பேசாது.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய தனியார் பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம். நான் அங்கே சீனியர் புரோகிராமர். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. ஆன்லைன் தேர்வு நடுவே கரண்ட் போனால் யுபிஎஸ்ஸும் சேர்ந்து படுத்துவிடும். பிள்ளைகள் எழுதியது மொத்தமும் காலி.

அதற்காக ஒரு மாட்யூல் எழுதினேன். நாங்கள் பயன்படுத்திய இ-லேர்னிங் மென்பொருள் ஓபன் சோர்ஸ். யாரும் அதன் கோடை, அதாவது புரோகிராம் வரிகளை, எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், தன் துண்டு ஒன்றை எழுதிச் செருகலாம். என் துண்டின் வேலை எளிது. மாணவர் ஒரு விடையைக் கிளிக் செய்ததும் அது சர்வரில் பதிவாகும். சர்வர் “ஓகே” என்று பதில் அனுப்பும்; அது வந்தால்தான் பிரவுசர் அந்த விடையைக் கணக்கில் வைக்கும். கரண்ட் வந்து மறுபடி உள்ளே நுழைந்தால் விட்ட இடத்திலிருந்து எழுதலாம். எழுதி முடித்ததும் கோடை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தேன்.

1. அன்னதானம்

செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

“இன்னா மேரிம்மா, நம்ம சாமானைத் தூக்கி ஊருக்கெல்லாம் குடுத்துக்கினு இருக்கியாமே? நான் இன்னா இங்க அன்னதானமா நடத்தறேன்?”

“சார், நாமளே அந்த சாப்ட்வேர் எழுதினவங்க குடுத்த கோடு மேலதான் கட்டியிருக்கோம். அவங்க குடுத்தாங்க, நாம குடுக்கறோம்.”

“குடுத்தவன் ஏமாளி. சரி, போனது போச்சு. நம்ம சர்வர்ல இருக்கற எல்லா ஃபைல்லயும் என் பேரைப் போடு. அதுக்கு மேல பிள்ளையார் சுழி. சுழிக்கு முன்னாடி ஒண்ணும் இருக்கக் கூடாது.”

சுழியோடு எனக்குச் சண்டை இல்லை. கடிதத்தின் தலையில் சிலுவை போடாமல் ஒரு வரி எழுதாத அப்பாவின் மகள்தான் நானும். ஆனால் எங்கள் கோடு பி.எச்.பி. என்ற கணினி மொழியில் எழுதியது; அந்தக் கோப்பு அதற்குரிய குறியோடுதான் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் எதை வைத்தாலும் அப்படியே திரையில் வந்து நிற்கும். இதைச் சொன்னேன்.

“வந்து நிக்கட்டுமே! நல்லதுதானே?” என்றார்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி, எல்லாக் கோப்புக்கும் ஒரே தட்டில் தலையில் சுழியும் உள்ளே அவர் பெயரும் போட்டுவிட்டேன். ஒரு கோப்பையாவது திறந்து பார்த்தேனா? இல்லை. இந்த ஆளுக்கு இது போதும் என்ற இளக்காரம். பக்கத்துக்குப் பக்கம் மேல் மூலையில் “உ” தெரிந்தது. செயலாளருக்குப் பரம சந்தோஷம். மற்ற கல்லூரிக்காரர்களை அழைத்து வந்து, “எங்க சாப்ட்வேர்ல கரண்ட் போனாலும் ஒரு பதில் போவாது” என்று காட்டினார். அவரும் பிளக்கைப் பிடுங்கிக் காட்டவில்லை, வந்தவர்களும் கேட்கவில்லை. காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

2. வெறும் தாள்

சுழி போட்ட பிறகு வந்த முதல் தேர்வு, அந்தப் பருவத்தின் மூன்றாவது இன்டர்னல். லேபில் அறுபது பேர். தேர்வு முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கும்போது கரண்ட் போனது. கரண்ட் வந்ததும் உள்ளே நுழைந்தால் எல்லோருக்கும் முதல் கேள்வி, வெறும் திரை. மீதி நிமிடங்களும் ஓடி முடிந்து, எல்லோருக்கும் சைபர்.

பிள்ளைகள் ரெஃப்ரெஷ் பட்டனை அமுக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்று செயலாளர் தீர்ப்பு எழுதினார். மறுதேர்வு வைத்தால் ஊரெல்லாம் காட்டிய சாப்ட்வேரின் மானம் போய்விடுமல்லவா! மற்றவர்களுக்கு முதல் இரண்டு தேர்வின் மார்க் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்கள். கலைமதிக்கு அதுவும் இல்லை. மஞ்சள் காமாலையில் அந்த இரண்டையும் விட்டிருந்தாள். மரக்காணம் பக்கத்துக் குப்பத்துப் பெண், அப்பா கடலுக்குப் போகிறவர். இந்த மார்க் இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை, ஒரு வருடம் போச்சு.

மறுநாள் கையில் ஒரு தாளோடு என் மேஜைக்கு வந்தாள்.

“மேடம், நான் ரெஃப்ரெஷ் பண்லீங்க. திண்டிவனத்துல பிரவுசிங் சென்டர்ல உக்காந்து உங்க கோடை எறக்கிப் படிச்சேன். சர்வர்லருந்து ‘ஓகே’ன்னு மட்டும் வந்தாதான் பதிவாச்சுன்னு எடுத்துக்குது. நம்ம காலேஜ் சர்வர்ல ‘ஓகே’ அனுப்பற ஃபைலோட அட்ரஸை அடிச்சுத் தனியா தொறந்து பாத்தேன். மொதல்ல ‘உ’ன்னு வருது, அப்புறம்தான் ‘ஓகே’. அப்போ எதுவுமே பதிவாவலைன்னுதானே அது நெனைக்கும்?”

எனக்கு முகமெல்லாம் தீப்பிடித்தது போலிருந்தது. பதில் சொல்கிற அந்தக் குட்டிக் கோப்பு எந்தத் திரையிலும் தெரியாது. அதன் தலையிலும் சுழி போட்டிருக்கிறேன் பாவி! சர்வரில் டேபிளைத் திறந்தேன். அறுபது பேரின் விடைகளும் பத்திரமாக இருந்தன. பதிவானது பிரவுசருக்குத்தான் தெரியவில்லை.

3. ரிப்போர்ட்

செயலாளரிடம் போனேன். முழுக்கக் கேட்டார்.

“அதெல்லாம் எதுக்கு பேஜாரு? பசங்க மேல தப்புன்னு ரிப்போர்ட் எழுதிக் குடு, ஜல்தி.”

“தப்பு என்னுதுன்னு எழுதிக்கினு வந்துட்டேன் சார். விடையெல்லாம் சர்வர்ல இருக்கு. திருத்தி மார்க் போட்டுடலாம்.”

“உனக்கு இன்னா பைத்தியமா? வேலை போயிடும்.”

“போனா போவட்டும் சார். கோடு வெளியில கெடக்குது. அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சதை நாளைக்கு நீங்க கூட்டிக்கினு வந்தவங்கள்ல எவன் வேணாலும் கண்டுபிடிப்பான். அப்போ நம்ம சர்வர் ஃபைல்ல உங்க பேருதான் இருக்கும்.”

தன் பெயர் என்றதும் மனுஷருக்கு உடனே நியாயம் புரிந்தது. கையெழுத்துப் போட்டார். கலைமதிக்கு ஐம்பதுக்கு முப்பத்தெட்டு. ஹால் டிக்கெட் வந்தது. எனக்கு ஒரு மெமோ வந்தது. அது எனக்கு வேண்டியதுதான்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மேலே உட்கார்ந்திருப்பவர் முட்டாள் என்பது உங்கள் வேலையைப் பார்க்காமல் விடுவதற்குக் காரணம் ஆகாது. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும், திமிரில் திறந்து பார்க்காமல் விட்டவள் நான். கோடை மூடி வைத்திருந்தால் அந்தப் பெண்ணிடம் ஆதாரம் எதுவும் இருந்திருக்காது, அவள் சொன்னதை நானே நம்பியிருக்க மாட்டேன்.

விடை பதிவானதா இல்லையா என்று திரையிலேயே காட்டும்படி கலைமதி கொஞ்சம் கோடு எழுதிக்கொண்டு வந்தாள். சுத்தமான வேலை. இணையத்தில் இருக்கும் என் கோடோடு சேர்க்க, உன் பெயரில் நீயே அனுப்பு என்றேன்.

“நான்லாம் அனுப்பலாமா மேடம்?” என்று கேட்டாள்.

மூன்று வருடமாக ஃபீஸ் வாங்கிக்கொண்டு அந்தக் கேள்வியைத்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.