மாமியார் ஒத்துக்கொண்டால் போதும்

புறங்கையைப் பெட்டியின் விலாவில் வைத்து, கண்ணை மூடி, மூன்று வரை எண்ணுகிறாள். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது போல. பிறகு அடுத்த பெட்டி. வரிசையாக ஒன்பது கம்ப்யூட்டர்கள். ஒன்பதுக்கும் ஒன்பது உடல்வாகு. “பெரியப்பாவுக்கு லேசா சூடு. மாப்பிள்ளை ஜம்முனு இருக்காரு” என்று முணுமுணுத்துக்கொண்டே வருபவள், ஜன்னலோரத்துப் பழுப்பேறிய பெட்டியின் முன் வந்ததும் குரலைத் தணித்துக்கொள்கிறாள். “என்ன அத்தை, இன்னிக்காவது கோவப்படாம இருப்பீங்களா?”

பதினோரு வயதான அந்தப் பெட்டிக்குப் பெயர் மாமியார். எதைக் கொடுத்தாலும் குற்றம் சொல்லும். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. “அந்தக் குறையத்தான் இது தீர்த்து வைக்குதே” என்பாள்.

வீட்டின் முன்னறை அண்ணனுடைய தையல் கடை. நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப்புறம் தங்கையின் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பட்டறை. அண்ணன் எட்டாவதோடு நின்றவர். தங்கைக்கு முப்பத்துமூன்று வயதாகியும் அவருக்கு அவள் பாப்பாதான். அளவு கொடுக்க யார் வந்தாலும், கழுத்துச் சுற்றளவைக் குறிப்பதற்குள் அவர் விஷயத்துக்கு வந்துவிடுவார்.

“எந்தங்கச்சி தனியாளா ஒரு சுடுற விளையாட்டு செய்றா.”

“யாரைங்க சுடணும்?”

“மனுஷங்கள இல்ல. நாப்பது மாடிக் கட்டடம். காவலுக்கு நிக்கற இரும்பு மிஷினுக்கெல்லாம் பைத்தியம் பிடிச்சிருச்சு. லிஃப்ட் ரிப்பேர் பண்ற பொண்ணு ஒருத்தி சுட்டுக்கிட்டே மேல ஏறணும். கையத் தூக்குங்க, மார்பளவு.”

தங்கை நின்றுகொண்டுதான் விளையாடிப் பார்ப்பாள். இடக்கை நகங்களுக்குச் சாயம் பூசியிருப்பாள். வலக்கை நகங்களை ஒட்ட வெட்டியிருப்பாள், மவுஸ் பிடிக்கும் கை அது. அண்ணனுடைய துணி வெட்டும் கத்தரியால் ஒரு முறை கம்ப்யூட்டர் ஒயரை நறுக்கிவிட்டாள். அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. அந்தக் கத்தரியை அதற்குப் பிறகு அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்த விளையாட்டைக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் செய்வேன் என்று அவள் நிற்கிறாள். வெளியீட்டு நிறுவனத்துக்காரர் போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “டிவியில மாட்டி விளையாடற பெட்டிக்கே பண்ணிடுங்க மேடம். ஊரெல்லாம் ஒரே பெட்டி. கம்ப்யூட்டர்னா வீட்டுக்கு ஒரு ரகம். ஒருத்தர் வீட்ல ஓடும், பக்கத்து வீட்ல படுத்துக்கும். தனியாளா எத்தனையப் பார்ப்பீங்க?”

“நூலிழை நகர்ந்தா குறியும் நூலிழை நகரணும் சார். அதுக்கு மவுஸ்தான் சரி. ரெடிமேட் எங்க வீட்ல விக்கறதில்ல. அளவெடுத்துத் தைக்கறதுதான்.”

திரைக்கு இந்தப்புறம் தையல் மிஷின் நின்றது. அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கடையில் அவருக்கு ஒரு முறை உண்டு. தைக்க வரும் ஒவ்வொரு துணியிலும் அளவு எழுதிய வெள்ளைத் துணிச்சீட்டு ஒன்றைக் கோத்துவிடுவார். தைத்து முடித்ததும் வெட்ட மாட்டார். உடுத்திப் பார்த்து, “சரியா இருக்கு” என்று ஆள் வாயால் சொன்ன பிறகுதான் நூலை நறுக்குவார். அதே போல ஒன்பது பெட்டிகளுக்கும் ஒன்பது சீட்டு கட்டினார். நினைவகம் எவ்வளவு, படம் காட்டும் கார்டு எந்த ரகம் என்று தங்கை சொல்லச் சொல்ல, உருண்டை எழுத்தில் அவரே எழுதினார். கடைக்கு வந்தவர்கள் விளையாடிப் பார்த்து அப்படிச் சொல்லச் சொல்ல, எட்டுச் சீட்டுகள் போய்விட்டன. மாமியாருடையது மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

வரப்போகும் விளையாட்டுகளுக்கான இணையக் கண்காட்சி ஒன்று. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் முன்னோட்டப் பதிப்பைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். அறிவிப்பில் அவள் முதல் வரியாகப் போட்டிருந்தது: பதினோரு வருடப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். ஆனால் மாமியாரோ விளையாட்டின் மூன்றாவது மாடியில் அப்படியே உறைந்து நின்றது. அதிலும் ஒரு வேடிக்கை, அவள் விளையாடினால் நிற்காது. அண்ணன் விளையாடினால்தான் நிற்கும்.

“உன் கைராசிண்ணா” என்றாள் முதலில். மூன்றாம் நாள் அந்தச் சிரிப்பும் இல்லை.

“அந்த ஒரு வரிய எடுத்துடுங்களேன், தீர்ந்தது” என்றார் வெளியீட்டு நிறுவனத்துப் போன்காரர்.

“வரிய எடுத்துட்டா மாமியார் முகத்துல எப்படி சார் முழிக்கறது?”

வியாழன் மதியம் அண்ணன் தன் அளவு நோட்டோடு திரையை விலக்கிக்கொண்டு வந்தார். துப்பாக்கியில் முப்பது தோட்டா போட்டு நிரப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார். முதல் நாள் அறுநூற்றுப் பதினொன்றில் நின்றிருந்தது. மறுநாள் அறுநூற்று எட்டு. இன்று அறுநூற்றுப் பன்னிரண்டு.

“ஒரு மாடிக்கு அறுநூறு தோட்டாவா! நான் நாப்பதுல முடிச்சிருவேனே” என்றாள்.

“எனக்குக் குறி பார்க்கத் தெரியாது. எண்ணத் தெரியும்.” உறைந்து நின்ற கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்தார். தரை தெரியாமல் காலித் தோட்டாக்கள் சிதறிக் கிடந்தன. “ஏம்பாப்பா, இதையெல்லாம் யாரு கூட்டுவா? நம்ம கடையில மூணு நாள் வெட்டுத்துணிய வாராம விட்டா மிதிக்கவே முடியாது.”

குடிக்கப்போன டீயை அவள் கீழே வைத்தாள். விழுந்த தோட்டா விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும் என்று ஆசை ஆசையாகச் செய்தவள் அவள்தான். கிடக்கும் ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் நினைவில் சுமக்க வேண்டும். புதுப் பெட்டிகள் வாய் திறக்காமல் சுமந்தன. மாமியார் மட்டும் உள்ளதைச் சொல்லியிருக்கிறது.

“ஐயோ அத்தை! இதையா இத்தனை நாள் சொல்லிட்டு இருந்தீங்க?”

விளையாடுபவர் பார்க்காத நேரத்தில் பழைய தோட்டாக்கள் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோகும்படி மாற்றி எழுதினாள். வெள்ளி காலை அண்ணன் மாமியாரின் முன் உட்கார்ந்து, சுவர், கூரை, படிக்கட்டு என்று ஒன்றையும் விடாமல் இரண்டாயிரத்து நூறு தோட்டா சுட்டார். மாமியார் முனகியது, இரைந்தது, நிற்கவில்லை. பதினொன்றே முக்காலுக்கு முன்னோட்டம் கண்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

“சீட்ட வெட்டிடவாண்ணா?”

“இன்னும் யாரும் உடுத்திப் பார்க்கலையே.”

ஞாயிறு மாலை கண்காட்சிப் பட்டியலில் அவள் விளையாட்டுக்குத்தான் முதலிடம். நூறு பேர் வேலை செய்த விளையாட்டுகளெல்லாம் அதற்குக் கீழே நின்றன. போன்காரரே கூப்பிட்டார். “மேடம், அந்தப் பழைய கம்ப்யூட்டர் வரிய இன்னும் பெரிய எழுத்துல போடுங்க!” அவள் போனை மேஜையில் வைத்துவிட்டு, வந்த கடிதங்களை அண்ணனுக்கு உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். எங்கோ இருக்கும் ஒருவர் எழுதியிருந்தார்: ‘எங்க அப்பா வாங்கித் தந்த கம்ப்யூட்டர். பன்னெண்டு வருஷம் ஆச்சு. புது விளையாட்டு எதுவும் ஏத்துக்காது. உங்களோடது சரியா இருக்கு.’

“அந்தக் கடைசி வார்த்தைய இன்னொரு தடவ படி” என்றார் அண்ணன்.

“சரியா இருக்கு.”

அவர் எழுந்து முன்னறைக்குப் போனார். துணி வெட்டும் கத்தரியோடு திரும்பி வந்து, கைப்பிடிப் பக்கத்தை அவளிடம் நீட்டினார். அவள் இரண்டு கைகளையும் உடையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். மாமியாரின் விலாவில் ஒரு முறை புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, நூலை நறுக்கினாள்.