மாலை கழற்றிய பிறகு வந்த கட்டி

ஐயப்பனுக்கு மாலை போட்டு மலைக்குப் போய்வந்தேன். மாலையைக் கழற்றிய மறுநாள் காலையிலேயே விரதத் தாடியை ஒரே மூச்சில் வழித்தெடுத்தேன். கண்டி டவுனில் புடவைக் கடையில் வேலை எனக்கு. முன்மேசையில் நிற்பவன் முகம் மழமழவென்று இருக்க வேண்டும், அது முதலாளியின் சட்டம். விரதத் தாடிக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் தோலை இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசைக்கு எதிராகப் பிளேட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன்.

சில நாளில் தாடைக்குக் கீழே மிளகளவில் ஒரு முளை. வெளியே வர வேண்டிய முடி வளைந்து தோலுக்குள்ளேயே புகுந்துகொண்டது. வேலைக்குப் போகக் கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறினால் பாலம் தாண்டுவதற்குள் விரல் அங்கே போய்விடும். கிள்ளும், தடவும், மறுபடி கிள்ளும். காலையில் அதன் மேலேயே பிளேட்டும் ஓடும். போதாததற்குச் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அப்பினேன். அது தோலைப் பொசுக்கியது. உள்ளே சீழ் கட்டி, கழுத்தைத் திருப்பினால் சுண்டி இழுத்தது.

தை மாசம், கல்யாணப் புடவைக்குக் கூட்டம். நான் சேலையை விரிக்க, வந்தவர்கள் என் கழுத்தைப் பார்த்தார்கள். வழிக்காமல் வந்த ஒருவரை முதலாளி முன்பு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அவர் திரும்பி வரவேயில்லை. எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"தாடிதான் எறங்கிருக்கு, சாமி இன்னும் எறங்கல போல" என்றார் பக்கத்து மேசைக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேசாம மறுபடி மாலையப் போட்டுக்கிட்டு வாங்க. ஆறுற வரைக்கும் முதலாளி வாயத் தொறக்க மாட்டாரு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சாமி படத்தில் தொங்கிய மாலையில் கை வைத்தேன். மனைவி பார்த்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"கழுத்துல கட்டி வந்ததுக்கு ஐயப்பனப் பொய்ச்சாட்சிக்குக் கூப்புடுறீங்களா?" என்றாள். "சரி, போட்டுக்குங்க. அடுப்புல நெத்தலிக் கருவாடு கெடக்கு. அத யாரு திங்கிறது?"

கையை எடுத்துவிட்டேன். அவள் தண்ணீரைச் சூடாக்கி, சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, பொறுக்கிற சூட்டில் கட்டியின் மேல் வைத்தாள். "பிளேட்டும் நகமும் இனி கிட்ட வரக்கூடாது. செவப்பு பரவுனாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டர்கிட்ட போறோம். அப்பறம் சாக்குச் சொல்லாதீங்க."

மறுநாள் முள்முள்ளான தாடையோடு முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"மறுபடி விரதமா?" என்றார்.

நாக்கு நுனி வரைக்கும் 'ஆமா' வந்தது. "இல்லைங்க முதலாளி. முடி உள்ளுக்கு வளந்து பழுத்துருச்சு. ஆறுற வரைக்கும் வழிக்க ஏலாது."

கண்ணாடியை இறக்கிக் கட்டியைப் பார்த்தார். "இதத் தொட்ட கையாலயா பட்டுச் சேலைய விரிச்சீங்க? கையக் கழுவிட்டு மேல போங்க. ஆறுனதும் எறங்கலாம்."

மேல் மாடியில் சரக்கு அடுக்கும் வேலை. கீழே யாராவது விலை பேசினால் என் வாய் அரித்தது. அது அரித்தால் கையும் கழுத்துக்குப் போகும். போகிற கையை மடக்கி ஒரு பெட்டியைத் தூக்குவேன். அந்த நாட்களில் அந்தக் கடைச் சரக்கு அடுக்கப்பட்டது போல் வேறெப்போதும் அடுக்கப்படவில்லை. வீட்டில் காலையும் மாலையும் சூட்டுத் துணி. வீக்கம் வற்றியதும் தோலுக்கு மேல் முடி வளையமாகத் தெரிந்தது. புருவ முடி எடுக்கும் சின்னக் குறட்டைச் சுத்தம் செய்து, அதால் அதன் நுனியை மட்டும் மனைவி வெளியே எடுத்துவிட்டாள். பிடுங்கவில்லை. பிடுங்கினால் மறுபடி உள்ளேயே முளைக்கும் என்றாள்.

புண் நன்றாக ஆறிய பிறகே பிளேட்டைத் தொட்டேன். வெந்நீரில் முகத்தை நனைத்து, புதுப் பிளேட்டால், தோலை இழுக்காமல், முடி போகிற பக்கமாகவே மெதுவாக வழித்தேன். பழைய மழமழப்பு வரவில்லை.

முதலாளி தாடையை உற்றுப் பார்த்தார். "கொஞ்சம் நெழலாடுதே."

"இதுக்கு மேல வழிச்சா நான் மறுபடி மாடிதாங்க, முதலாளி."

"வேணாம். மேல நீங்க அடுக்குனதுல ஒரு சாமானும் எங்களுக்குக் கெடைக்குதில்ல" என்றவர், வாசலைக் காட்டினார். "ஆள் வருது. விரிங்க."