கொய்யா மரத்தில் ஒரு இலை அதிகம்

சித்திரை வருசப் பிறப்பு முடிந்ததும் எங்கள் மலையில் வெயில் உறைக்கத் தொடங்கும். மத்தியானத்துக்கு மேல் இடி இடித்து ஒரு மழை கொட்டும். வெயிலும் மழையும் இப்படி மாறி மாறி வரும் நாட்களில்தான் பூச்சிகளெல்லாம் வெளியே வரும்.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பிள்ளைமடுவத்தில் எனக்கு வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு குழந்தை பச்சைப் புழு ஒன்றைத் தொட்டுவிட்டு, கை தடித்து வீங்கி, ஒரு மணி நேரம் அழுதது. "என்ன புழுக்கா அது?" என்று அதன் தாய் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தவளுக்கு அதுகூடத் தெரியாதா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

அதற்குப் பிறகு, கண்ணில் படும் பூச்சியையெல்லாம் போனில் படமெடுத்தேன். பூச்சி பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். படத்தைப் போட்டால் யாராவது பெயர் சொல்வார்கள். பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர், நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுபவர், அவர்தான் முதலில் பதில் போடுவார். "இது கடிக்காது தங்கச்சி, பயப்பட வேணாம்." "இதத் தொட வேணாம், சுணை இருக்கு." கரப்பானைக் கண்டாலே கதிரையில் ஏறி நின்ற நான், ஆறே மாதத்தில் கும்பிடுபூச்சியைக் கையில் ஏற்றி நடக்கவிடும் அளவுக்கு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

போன வைகாசியில் ஒரு நாள், பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்தாள் ஒரு இளம் தாய். கொழுந்தெடுக்கும்போது செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்து வாசலில் உதறினாள். ஒட்டியிருந்த இலைகள் கீழே விழுந்தன. அதில் ஒன்று எழுந்து நடந்தது.

"அக்கா! ஐயோ, எல நடக்குதுக்கா!"

ஓடிப் போய்க் குனிந்தேன். தட்டையான பச்சை உடம்பு. நடுவில் நரம்பு ஓடுகிறது. ஓரத்தில் காய்ந்துபோனதுபோல் பழுப்புக் கறை. கால்கள்கூட இலைத்துண்டுகள் மாதிரியே இருந்தன. அது நடந்துகொண்டே இருந்ததில் முதல் மூன்று படமும் பழுதாகிவிட்டன. நாலாவதை அனுப்பினேன்.

இந்த முறை நானா எழுதவில்லை, நேரே எனக்குப் போன் எடுத்துப் பேசினார். "தங்கச்சி, அது இலைப்பூச்சி! முப்பது வருசமாத் தேடுறேன், ஒருக்காவும் கண்டதில்ல. விட்டுறாதீங்க. நான் இப்பவே வாறேன்."

போத்தலில் அடைத்தால் செத்துவிடுமோ என்று பயந்து, வாசலில் நிற்கும் கொய்யா மரத்தின் தாழ்ந்த கிளையில் அதை ஏற்றிவிட்டு, பக்கத்திலேயே காவல் நின்றேன். உள்ளே ஒரு குழந்தை தொட்டிலில் இருந்து வீறிட்டது. தூக்கித் தட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், மரம் முழுக்க இலை.

இரண்டு பஸ் மாறி, இரண்டு மணிக்கு நானா வந்து சேர்ந்தார். நரைத்த தாடி, கையில் குடை, பிள்ளைகளுக்கென்று ஒரு பெரிய பிஸ்கட் பெட்டி. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"நானா, அது மரத்துலதான் இருக்கு. எந்த எலன்னுதான் தெரியல."

மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப அது தன்ட வேலய ஒழுங்காத்தான் செய்யுது."

இருவரும் கிளை கிளையாகத் தேடினோம். மழை வந்தது. குடைக்குள் நின்றுகொண்டு தேடினார். கடைசி பஸ் ஐந்து மணிக்கு. நான் அதைச் சொல்லச் சொல்ல, "பாப்போம், பாப்போம்" என்றார்.

மழை விட்டு, நாலரை மணிக்குக் குழந்தையைக் கூட்டிப்போக அந்தத் தாய் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் மரத்தைத் தொடவில்லை. எட்டி நின்று மொத்தமாகப் பார்த்தாள். காற்று ஒன்று வந்து இலைகளையெல்லாம் ஆட்டிவிட்டுப் போனது.

"அந்தா!" என்று கையை நீட்டினாள். "காத்து நின்னுருச்சு, அது மட்டும் ஆடுது பாருங்க."

நானாவின் தலைக்கு ஒரு சாண் மேலே, ஈரத்தில் மினுங்கிக்கொண்டு, அது மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. உடனே படமெடுப்பார் என்று நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சும்மா பார்த்துக்கொண்டே நின்றார். தூரத்து வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தபோதுதான் படமெடுக்கப் போனை எடுத்தார்.

"எப்படி மகள் கண்ட?" என்று அவளிடம் கேட்டார்.

"நாள் முழுக்க எலயத்தானே பாக்குறோம்" என்றாள் அவள், குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. அப்படிச் சொன்னாலும் அவள் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

அன்றிரவு குழுவில் நானாவின் படம் வந்தது. கீழே, "கண்டுபிடித்தவர்: கொழுந்தெடுக்கும் ஒரு தாய். நான் பார்க்க மட்டுமே போனேன்" என்று எழுதியிருந்தார். அடுத்த நாள் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள்.

அந்த வாரத்திலிருந்து என் வேலை இரட்டிப்பாகிவிட்டது. பத்து மணிக்கு வரும் பெண்கள் ஆளுக்கொன்றாகப் பூச்சி கொண்டுவருகிறார்கள். ஒருத்தி பொன்வண்டு என்று பொத்திக் கொண்டுவந்தது யாரோ தொலைத்த சட்டைப் பொத்தான். அதற்கும் ஒரு படம் எடுத்து நானாவுக்கு அனுப்பினேன். "அரிய இனம்" என்று பதில் வந்தது, "என்ட கடையில மட்டுந்தான் கிடைக்கும்."