துரைசானிக்கு முன்னால் ஒரு வரிசை

பென்னாகரம் சந்தை முனையில் எங்கள் கரி பஸ் நின்றுவிட்டது. யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. டிரைவர் பின்பக்கம் போய்க் கரியடுப்பைக் கிளறுகிறார். இறங்கும்போது படியின் தகரம் கிழித்து என் கணுக்காலில் ரத்தம் வழிகிறது.

அதிர்ஷ்டம்தான். எதிரே புளியமரத்தடியில் ஒரு துரைசானி மேஜை போட்டுக் காயங்களுக்கு இலவசமாக மருந்து வைத்துக் கட்டுகிறார். சேவை செய்வதற்கென்றே சீமையிலிருந்து வந்தவராம். வெயிலில் முகம் தக்காளியாகியிருக்கிறது. முன்னால் நீண்ட வரிசை.

முழங்கையில் புதுக் கட்டோடு ஒரு குடியானவர் அவரைக் கும்பிட்டுவிட்டு வருகிறார். பஸ் மறைவுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துப் பத்திரமாகச் சுருட்டுகிறார். கையில் ஒரு கீறல்கூட இல்லை.

"காயமே இல்லையே?" என்கிறேன்.

"இல்லீங்க. பாவம், கடல் தாண்டி வந்திருக்குது. முன்னே ஒரு சந்தையன்னைக்கு அதுகிட்ட ஒருத்தருமே போகல. அந்தம்மா தனியா ஒக்காந்து அழுதுச்சுங்க. பாக்கவே முடியல. அதான் சந்தைக்கு ஒரு ஊருன்னு மொறை வெச்சுப் போறோம். இன்னைக்கு எங்க ஊரு."

"எனக்கு நிஜமாகவே காயம். வரிசையில் நிற்கட்டுமா?"

அவர் குனிந்து என் காலைப் பார்த்துப் பதறுகிறார்.

"ஐயையோ, அங்க போயிராதீங்க! ரத்தத்தைப் பாத்தா அந்தம்மாவுக்கு மயக்கம் வந்துருங்க."

துரைசானி என்னைப் பார்த்துவிட்டார். சிரித்த முகத்தோடு கையசைத்துக் கூப்பிடுகிறார். நான் வேட்டியைத் தழைத்துக் கணுக்காலை மறைத்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டபடி வரிசையின் கடைசியில் போய் நிற்கிறேன்.