கிரீஸ் படிந்த காது

பட்டறையில் அவருக்குத் தீப்பெட்டி என்று பெயர். லேசாக உரசினால் போதும். மூக்கு நுனியில் கோபம் என்பார்களே, அதெல்லாம் நிதானமான ஆட்களுக்கு. இவருக்குக் கோபம் வந்தது இவருக்கே தெரிவதற்குள் கை போய்விட்டிருக்கும். பிறகு மூலையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுவார். அழுது என்ன பிரயோசனம்? டம்ளர் பறந்து வந்து விழுந்த தழும்பு மகளின் புருவத்தில் இன்னும் இருக்கிறது.

அந்த மகளுக்கு இப்போது கைக்குழந்தை. பேரனைத் தாத்தா இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

"அப்பா கை நீட்டறத விட்டுட்டார்னு நீ சொல்லு, பிள்ளையத் தூக்கிட்டு வரேன். ஆனா பொய் சொல்லாதம்மா."

தையல் மெஷினை மிதித்துக் குடும்பத்தை ஒட்டுப்போட்டு வந்த தாய்க்கு அந்தக் கடைசி வார்த்தைதான் சுருக்கென்றது. எத்தனை பொய் சொல்லியிருப்பாள்! கதவில் இடித்துக்கொண்டேன், படியில் வழுக்கிவிட்டேன் என்று.

அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனதும் அவள்தான். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, கூடவே காதில் அக்குபங்சர் ஊசி வைக்கும் அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா மெல்லிய ஊசிகளைக் குத்தி எடுத்தபின், கடுகளவு மணிகளைப் பிளாஸ்திரியோடு காதில் ஒட்டினாள்.

"கோபம் தலைக்கேறும்போது இத அழுத்திப் பிடிங்க. மாத்திரைய நிறுத்திடாதீங்க, இது அதுக்குத் துணைதான்."

"கம்மல் போட்டாச்சு, வளையல் எப்போம்மா?" என்றார் தீப்பெட்டி. ஊசிக்கார அம்மாவே சிரித்துவிட்டாள்.

கிண்டல் அடித்தாலும் அழுத்தத்தான் செய்தார். பட்டறைக் கை முழுக்க கிரீஸ். சாயங்காலம் வரும்போது காது கன்னங்கரேலென்று இருக்கும். புருஷனின் அழுக்குக் காதைப் பார்த்து எந்தப் பெண்டாட்டி பூரித்துப்போவாள்? இவள் பூரித்தாள். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கு யாரு?" என்பாள். "முதலாளியோட மச்சான்," என்பார். "வாயத் தொறந்தான், காதப் பிடிச்சுட்டேன்."

ஒரு சனிக்கிழமை காது பளிச்சென்று வந்தது. ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. அவர் நேராக உள்ளே போனார். கோபமே வராத நாள்! அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"வாம்மா. அப்பா மாறிட்டார். சத்தியமா பொய் இல்ல."

மகள் அழுதேவிட்டாள். "இப்பவே பஸ் ஏறறேன்மா."

சந்தோஷத்தைச் சொல்ல உள்ளே ஓடினாள். அவர் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் முட்டியெல்லாம் வீங்கியிருந்தது.

"கை காதுக்கே போகலடி," என்றார். "புது வெல்டர் ஏதோ சொன்னான். பல்லு போயிருச்சு அவனுக்கு."

மகள் வருவதை அவள் சொன்னாள்.

"சொல்லாதடி. இந்த ஒரு தடவை. பேரப்பிள்ளைய ஒரு தடவை பாத்துக்கறேன்."

கெஞ்சிய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அரை மணி கழித்துத் திரும்பவும் போனை எடுத்தாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே குழந்தை சிணுங்குவது கேட்டது.

"அடுத்த ஸ்டாப்ல இறங்கிடும்மா."

மகள் ஏன் என்று கேட்கவில்லை.

"உன்ன ஒண்ணும் பண்ணலையே?"

"இல்லம்மா. என்னை இல்ல," என்றாள். சொன்னது நிஜம்தான், ஆனாலும் குரல் உடைந்துவிட்டது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவர் வீங்கிய கையால் காதை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.