லாட்ஜ் வாசலில் போட்ட தண்டோரா

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்று இன்னும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

நான் பெயிண்டிங் மேஸ்திரி. வீடு உப்பளத்தில். முதலியார்பேட்டையில் ஒரு லாட்ஜுக்கு உள்ளும் வெளியும் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். பெயிண்ட் எல்லாம் என் பேரில் கடனுக்கு எடுத்தது. லாட்ஜ் முதலாளி பணம் தரவில்லை. பெயிண்ட் கடைக்காரர் எனக்குக் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார். கடனுக்குப் பெயிண்ட் கிடைக்காதவனை யார் மேஸ்திரி என்பார்கள்? இன்னொரு மேஸ்திரியிடம் தினக்கூலிக்குச் சுவர் தேய்க்கப் போனேன்.

முதலாளி ஃபோன் எடுக்க மாட்டார். நேரில் போனால் மேனேஜர், “சார் வெளியூர் போயிருக்காரு” என்பார். வக்கீல் நோட்டீஸ், கேஸ், வாய்தா என்று அலைந்தேன். தீர்ப்பு என் பக்கம் வந்தது. எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். பிறகுதான் வக்கீல் அம்மா சொன்னார்: “கோர்ட்டு தானா வாங்கித் தராது அண்ணே. தீர்ப்ப நிறைவேத்தச் சொல்லி நாமதான் மறுபடி மனு போடணும்.”

மறுபடி வாய்தா. சாமான்களை ஜப்தி செய்ய, உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரான அமீனாவோடு போனோம். ஏசி, சோபா எல்லாம் முதலாளியுடைய மச்சான் பேரில் வாங்கியது என்று மேனேஜர் பில்லை எடுத்து நீட்டினார். வெறுங்கையோடு திரும்பினோம்.

கடைசியில் கட்டடத்தையே ஜப்தி செய்ய உத்தரவு வந்தது. அதை வாசலில் தண்டோரா போட்டுச் சொல்லி, நோட்டீஸ் ஒட்ட வேண்டுமாம். “மோளக்காரர நீதான் கூட்டிக்கினு வரணும்” என்றார் அமீனா. எனக்குத் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் சாவுக்கு அடிப்பவர் ஒருவர்தான். அவரையே அழைத்துப் போனேன்.

அவர் அடித்த அடியில் தெருவே வெளியே வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “ஐயோ, பெரியவர் போயிட்டாரா? நேத்துகூட பால்கனியில உக்காந்திருந்தாரே!” என்றார். பெரியவர் என்றால் முதலாளியின் அப்பா. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். யாரோ பூக்காரம்மாவிடம் மாலைக்குச் சொன்னார்கள். நான் அமீனாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

“யோவ், இன்னாய்யா சாவு மோளம் அடிக்கற?” என்றார் அமீனா.

“எனக்குத் தெரிஞ்ச அடி இதான் சார். சாமி ஊர்வலம்னா அதுக்கு வேற ஆளு.”

வெளியூர் போயிருந்த முதலாளி பனியனோடு மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். “எவன்டா செத்தது?”

அமீனா நோட்டீஸை அவர் கையிலேயே கொடுத்தார். பால்கனியிலிருந்து பெரியவர் எட்டிப் பார்த்து, “இன்னாடா, எனக்கா அடிக்கறாங்க?” என்றார். தெரு சிரித்தது. முதலாளி என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

“இன்னா மேஸ்திரி, எங்கப்பா உசுரோட இருக்கறப்பவே மோளம் அடிச்சிட்டியே. வாய விட்டுக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?”

எத்தனை தடவை கேட்டிருப்பேன்! “பெரியவர மன்னிச்சிக்கச் சொல்லுங்க” என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு முதலாளி கோர்ட்டில் தவணை தவணையாகக் கட்டினார். வக்கீல் ஃபீஸ், அமீனா செலவு போக மீதியை அப்படியே பெயிண்ட் கடையில் கொடுத்தேன். கையில் ஒன்றும் நிற்கவில்லை. கடைக்காரர் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, “சரி மேஸ்திரி, எப்பவும்போல கடனுக்கு எடுத்துக்கோ. இப்ப இன்னா வேணும்?” என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருஷம் நடந்தேன். கேட்டதும் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். முழங்கால்தான் வலித்தது. கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு முதல் பூச்சுக்கு ஒரு பக்கெட் ப்ரைமர் போடச் சொன்னேன்.

எழுதியது: ஐப்பசி முதல் ஞாயிறு, மழையால் வேலை இல்லாத நாள்.