றிஸ்பா தன் வலைப்பூவைத் திருத்திய விதம்

முல்லைத்தீவில் பிறந்து, 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சிறுவயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்த றிஸ்பா, வவுனியா நெளுக்குளத்தில் கணித ஆசிரியையாக இருந்தாள். 2005இல் வலைப்பூ ஒன்று தொடங்கி, பிறந்த ஊரில் தாங்கள் வாழ்ந்த தெருவைப் பற்றி எழுதினாள். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் நிறப் பொடி எழுத்து. தன் பெயரைப் போடவில்லை.

இரண்டாம் மாதம் யாரோ பின்னூட்டம் போட்டார்: "அங்கை நீங்கள் எப்ப இருந்தனீங்கள்? பொய்யை எழுதாமல் மூடிப்போட்டுப் போங்கோ."

அன்றே றிஸ்பா பக்கத்தைத் திருத்தத் தொடங்கினாள். பின்னணியை வெள்ளையாக்கினாள். அடுத்த சனிக்கிழமை நெற் கஃபேயில் அரை மணித்தியாலம் இருந்து எழுத்தைப் பெரிதாக்கினாள். அதற்கடுத்த கிழமை பழைய பதிவுகளை அந்தத் தெருவின் வீடு வீடாகப் பிரித்து ஓரத்தில் அடுக்கினாள். திட்டு வர வர, பக்கம் வாசிக்க இலகுவாகிக்கொண்டே போனது.

விஷயம் அவள் நானா என்று கூப்பிடும் அண்ணன் முன்ஸிரின் காதுக்கு எட்டியது.

"ஏன் புள்ள வம்பு? அதை அழிச்சுப்போடு."

"நான் பொய்யா எழுதினனான், நானா?"

"இல்லை. எண்டாலும் பயமாக் கிடக்கு."

"எனக்கும் பயம்தான். அதுக்காக நாங்கள் இருந்த தெருவை இல்லையெண்டு சொல்லேலாது."

அந்தச் சனிக்கிழமை முகப்பில் தன் முழுப்பெயரைத் தடித்த எழுத்தில் போட்டாள். மூன்றாம் நாள் புத்தளத்திலிருந்து சரீபா என்றொருவர் எழுதினார்: "உங்கட வீட்டுக்கு முன்வீடு எங்கட. அதையும் சேருங்கோ."

றிஸ்பா சேர்த்தாள். வருஷ முடிவில் அந்தப் பக்கத்தில் முப்பத்தொரு வீடுகள் இருந்தன.